றூபி கமராவின் வயரைக் கழற்றிய மத்தியானம்

1

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் எல்லாரும் பனியில்தான் தொடங்குகிறார்கள் என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். நானும் பனியில்தான் தொடங்கப்போகிறேன். என்ன செய்ய, இங்கே மாசி மாதத்தில் வேறு ஒன்றும் கிடையாது.

நோர்வேயின் மேற்குக் கரையோரம் ஒரு சிறு நகரத்தில் நான் பஸ் ஓட்டுகிறேன். காலைச் சேவையின் கடைசித் தரிப்பிடம் ஒரு மலையடிவாரம். அங்கே பஸ்ஸைத் திருப்பி நிறுத்தினால் கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்கும். மற்றச் சாரதிமார் அந்த நேரத்தில் கோப்பி குடிப்பார்கள். நான் கைத்தொலைபேசியில் எங்கள் வீட்டைப் பார்ப்பேன்.

வீடு என்றால், மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் ஒழுங்கைக்குள் இருக்கும் அப்பாவின் வீடு. இப்போது அதில் என் தங்கை றூபி தனியாக இருக்கிறாள். ஐம்பது வயது தாண்டிவிட்டது. கலியாணம் செய்யவில்லை. முன்பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஓய்வுநாள் பாடசாலையும் அவள் பொறுப்புத்தான். அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்தவள் அவள். நான் என் பங்குக்கு ஒரு கமரா பூட்டிக் கொடுத்தேன்.

விறாந்தை முகட்டில் இருக்கிறது அது. விறாந்தை, முற்றம், கேற் எல்லாம் தெரியும். ஒலிபெருக்கியும் உண்டு, இங்கிருந்து நான் கதைத்தால் அங்கே கேட்கும். மாடு வந்தால் கலைப்பேன். மாங்காய்க்குக் கல் எறிகிறவர்களை ஏசுவேன். எங்கள் கிணறு நல்ல தண்ணி என்பதால் ஒழுங்கையில் உள்ளவர்கள் குடத்தோடு வருவார்கள், பகலில் கேற்றைப் பூட்டுவதில்லை. அவர்கள் முகட்டைப் பார்த்து, “என்ன நோர்வே அண்ணை, சுகமோ?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இப்போது இப்படித்தான் ஊரில் இருக்கிறோம், முகட்டில் பல்லி மாதிரி.

அன்று நான் திரையைத் திறந்தபோது இங்கே விடிந்தும் விடியாத நேரம். அங்கே மத்தியானம். கேற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். மெலிந்த உடம்பு, கறுத்த சேட்டு, தலையில் தொப்பி. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். கஜன். றூபியின் கழுத்துச் சங்கிலியை அறுத்து, அவளைச் சைக்கிளோடு விழுத்தி, வலது மணிக்கட்டை முறித்தவன். பிடிபட்ட நாளில் அவனுடைய படம் ஊரெல்லாம் சுற்றியது. அந்த முகத்தை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பிணையில் வெளியே வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை.

கேற்றை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். குரல் உயர்ந்தது. கையில் கட்டோடு றூபி விறாந்தையிலிருந்து இறங்கிக் கேற்றை நோக்கி நடந்தாள்.

“றூபி! திறவாதை! உள்ளுக்குப் போ!” என்று கத்தினேன். “டேய், நில்லடா! பொலிசுக்கு அடிச்சிட்டன்!”

பொலிசுக்கு நான் அடிக்கவில்லை. எந்த இலக்கத்துக்கு அடிப்பது என்றுகூட அந்த நேரத்தில் எனக்கு நினைவு வரவில்லை. கஜன் கேற்றை விட்டுவிட்டு ஓரடி பின்னால் போனான். றூபி திரும்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பொறு என்று இடக்கையால் காட்டினாள். பிறகு கேற்றைத் திறந்தாள்.

இருவரும் கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்று கதைத்தார்கள். சொற்கள் விளங்கவில்லை. பிறகு அவன் விறாந்தைக்கு ஏறிக் கதிரையில் இருந்தான். எனக்கு அவனுடைய உச்சந்தலை மட்டும் தெரிந்தது. றூபி சுவர்ப் பக்கம் வந்தாள். அவளுடைய கை பெரிதாகத் திரைக்குள் நீண்டது. திரை கறுத்துப் போனது.

வயரைக் கழற்றிவிட்டாள்.

2

சங்கிலி அறுத்தது மார்கழியில். மருதனார்மடம் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு றூபி சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். பின்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தது. கழுத்தில் கிடந்தது அம்மாவின் சங்கிலி, எங்கள் வேத வழக்கப்படி புறா பதித்த அம்மாவின் தாலியும் அதிலேதான். ஒரே இழுவையில் எல்லாம் போய்விட்டது. றூபி தெருவில் கிடந்தாள், கத்தரிக்காய் நாலு பக்கமும் உருண்டதாம். அதைத்தான் அவள் எனக்கு முதலில் சொன்னாள்.

பொலிஸ் கஜனைப் பிடித்தது. சங்கிலி கிடைக்கவில்லை. அடையாள அணிவகுப்பில் றூபி தயங்காமல் அவனைக் காட்டினாள். எங்கள் ஊர்க்காரரின் வட்ஸப் குழுவில் அன்று கொண்டாட்டம். ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். கனடாவில் இருப்பவர்கள் சுட வேண்டும் என்றார்கள். லண்டனில் இருப்பவர்கள் கையை வெட்டினால் போதும் என்றார்கள். நான் லண்டன் கட்சி.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தொலைபேசியில் அழைத்தபோது அவள் நெடுநேரம் எடுக்கவில்லை. எடுத்ததும் ஏசினேன்.

“எங்கை போனனி? எத்தினை தரம் அடிக்கிறது?”

“மறியலுக்குப் போட்டு வாறன் அண்ணை. உள்ளுக்குப் போன் விடமாட்டினம்.”

தேவாலயத்துப் பெண்கள் கூட்டமாகச் சிறைக்குப் போய்ப் பாட்டுப் பாடிவிட்டு வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஆரைப் பார்க்க என்று சும்மாதான் கேட்டேன்.

“கஜனை. சோறு குடுத்திட்டு வாறன். விளக்கமறியலிலை இருக்கிறவைக்கு வீட்டுச் சாப்பாடு குடுக்க விடுவினம்.”

“எந்தக் கஜனை?”

“என்ரை கையை முறிச்சவன்தான். எங்களுக்கு வேறை கஜனைத் தெரியுமோ?”

நான் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது, இதைப் பிள்ளைகளும் வாசிப்பார்கள். விசரோ, அவன் உன்ரை மச்சானோ, ஊர் சிரிக்குதோ இல்லையோ என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். றூபி நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான், நான் மூச்சு வாங்கும் இடம் அவளுக்குத் தெரியும்.

“ஒவ்வொரு ஞாயிறும் சிறையிலை இருக்கிறவைக்காகச் செபிக்கிறம்தானே அண்ணை” என்றாள். “சின்னனிலை நீங்களும் எனக்குப் பக்கத்திலை இருந்து ஆமென் சொன்னனீங்கள். இத்தினை வருசமா எனக்கு அதுக்குள்ளை ஒருதரையும் தெரியாது. இப்ப ஒராளைப் பேரோடை தெரியும். தெரிஞ்சுகொண்டு என்னெண்டு சும்மா இருக்கிறது?”

“நீதானே அவனை அடையாளம் காட்டினனி!”

“ஓம். அவன்தானே செய்தவன்.”

அடையாளம் காட்டியதும் சோறு கொண்டுபோனதும் அவளுக்கு ஒரே காரியம்போல இருந்தது. எனக்கு அது பிடிபடவில்லை. ஒரு கையால் என்னெண்டு சமைக்கிறாய் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி அக்கா தேங்காய் துருவிக் கொடுக்கிறாவாம். “கள்ளனுக்குத் தேங்காய் துருவ வைச்சிட்டாய், இதுக்கு உன்ரை சாமியும் என்ரை சாமியும் சேந்து பதில் சொல்ல வேணும்” என்று ஒவ்வொரு கிழமையும் புறுபுறுத்துக்கொண்டே துருவுகிறாவாம். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் றூபியோடு சரியாகக் கதைக்கவில்லை. கமராவில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

திரை கறுத்த இடத்துக்கு வருகிறேன்.

றூபிக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. பரமேஸ்வரி அக்காவுக்கு அடித்தேன். அவ தோட்டத்தில் நிற்பா, தொலைபேசி வீட்டுக்குள் கிடக்கும். திரும்ப றூபிக்கு அடித்தேன். பஸ்ஸின் கதவடியில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். புறப்படும் நேரம். சாரதி ஆசனத்தில் தொலைபேசியைத் தொட்டால் இங்கே அனுமதிப்பத்திரம் போய்விடும், அதோடு வேலையும். தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன்.

கடைசியாக ஏறியது, பிடித்து நடக்கும் தள்ளுவண்டியோடு ஒரு வயதான அம்மா. இங்கே அப்படியானவர்கள் ஆசனத்தில் இருக்கும்வரை பஸ்ஸை எடுக்கக் கூடாது. அவ வண்டியை ஓரத்தில் விட்டா. தடுப்பைப் போட்டா. கையுறையைக் கழற்றினா, ஒரு விரல், பிறகு மற்ற விரல். அங்கே என் தங்கையின் கழுத்தில் கை இருக்கலாம், இவ கையுறை கழற்றிக்கொண்டிருக்கிறா என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருப்பா போல. “மெதுவாகப் போ, வழுக்கும்” என்று தன்னுடைய மொழியில் சொன்னா.

“ஓம் ஓம்” என்றேன். முப்பது வருடம் இங்கே இருந்தும் பதறினால் எனக்குத் தமிழ்தான் வரும். அவ விளங்கியதுபோலத் தலையாட்டினா.

செபிக்க முயன்றேன். வந்தது செபமில்லை, ஏச்சு. றூபியை ஏசினேன், பிறகு ஆண்டவரை ஏசினேன். உம்மை நம்பித்தானே அவள் கேற்றைத் திறந்தாள், இனி நீர் பார்த்துக்கொள்ளும் என்றேன். அது கேள்வியா கட்டளையா என்று எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நின்று, கதவைத் திறந்து, காலை வணக்கம் சொல்லி, கதவை மூடினேன். சட்டைப் பைக்குள் தொலைபேசி ஒருமுறை அதிர்ந்தது. பாலத்தின் நடுவில். அங்கே நிறுத்த இடமில்லை.

போரால் ஊரே காலியான பெரிய இடப்பெயர்வு நடந்தபோது நான் இந்த நாட்டின் வடக்கே ஓர் அகதி முகாமில் இருந்தேன். வீட்டார் தென்மராட்சிப் பக்கம் போனார்களா, உயிரோடு இருக்கிறார்களா என்று மாதக்கணக்காக ஒன்றும் தெரியாது. அதைத் தாங்கினேன். தாங்குவதைத் தவிர வேறு வழியும் இல்லை. இன்று ஒரு பஸ் ஓட்டத்துக்குள் தெரியாமல் இருக்க என்னால் முடியவில்லை. எப்போதும் பார்க்கலாம் என்று பழகினவனுக்குப் பார்க்க முடியாமல் போவது பெரிய தண்டனை. நகரத்து நிலையம் வந்து சேர்ந்து, அடுத்த சாரதியிடம் பஸ்ஸைக் கொடுக்கும்போது எனக்கு முதுகு முழுக்க நனைந்திருந்தது. வெளியே உறைபனி.

4

“சொல்லுங்கோ அண்ணை” என்றாள் றூபி. சந்தைக்குப் போய் வந்தவள்போல ஒரு குரல்.

உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த உடனே எனக்கு வந்தது கோபம்தான்.

“ஏனடி கமராவை நிப்பாட்டினனி?”

“அவன் சாப்பிட்டவன்.”

“என்ன?”

“சாப்பிடுறவன்ரை தலைக்கு மேலை நிண்டு நீங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறது வடிவில்லை அண்ணை. ஆக்கள் சாப்பிடேக்கை வாயைப் பாக்கப்படாது எண்டு அம்மா எங்களை எழுப்பிக் கலைக்கிறவ. மறந்து போச்சோ?”

நான் நிலையத்தின் சுவரில் சாய்ந்துகொண்டேன். பஸ்ஸில் செத்துச் செத்து வந்தேனே, அதன் காரணம் இதுதான். ஒரு கள்ளன் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் என்று இவள் என்னை அறைக்கு வெளியே அனுப்பியிருக்கிறாள்.

“என்னத்துக்கு வந்தவன்?”

“கோட்டிலை மாத்திச் சொல்லட்டாம். ‘எனக்கு வடிவாத் தெரியேல்லை, ஆள் மாறிக் காட்டிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ அக்கா’ எண்டவன்.”

“வெருட்டினவனோ?”

கொஞ்சம் யோசித்தாள். றூபிக்குப் பொய் வராது, அதனால் சில நேரம் பதில் பிந்தும். “வெருட்டினவன் எண்டுதான் சொல்ல வேணும். ‘தனியத்தானே இருக்கிறியள்’ எண்டும் சொன்னவன்.”

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“நீ என்ன சொன்னனி?”

“உன்னைத்தான் காட்டினனான், அதை மாத்தமாட்டன், எனக்குப் பொய் சொல்லேலாது எண்டன். அவன்ரை முகத்தைப் பாக்கப் பசி தெரிஞ்சுது. சாப்பிட்டியோ எண்டு கேட்டன். இல்லையெண்டான். மத்தியானம்தானே அண்ணை, பேந்து என்ன செய்யிறது?”

கீரையும் பருப்பும் பொரித்த சூடை மீனும் இருந்ததாம். வலது கை கட்டில் இருக்கிறது. “இடக்கையாலை போடுறன், குறை நினையாதை தம்பி எண்டு சொன்னன். அதோடை அவன் குனிஞ்ச தலை நிமிரேல்லை. அரைவாசிதான் சாப்பிட்டவன்.”

“அப்ப திருந்திட்டானோ?” என்று கேட்டேன். நக்கலாகத்தான் கேட்டேன், ஆனால் ஆம் என்று அவள் சொன்னால் நல்லாயிருக்கும் என்றும் உள்ளுக்குள் இருந்தது.

“எனக்கென்ன தெரியும்? சோறு தின்னாத் திருந்துவினமோ? பசிச்சுது, சாப்பிட்டவன்.”

“உனக்குப் பயமில்லையோ?”

“பயந்தான். அவன் போனாப் பிறகு சோத்துக் கோப்பை கழுவேக்கை கை நடுங்கினது. இருக்கிறதே ஒரு கை. அதுவும் நடுங்கினா என்னெண்டு கழுவுறது, சொல்லுங்கோ பாப்பம்.”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

5

அவள் வயரைக் கழற்றும் முன் கமரா பதிந்தது என் தொலைபேசியில் இருக்கிறது. அவன் கேற்றைப் பிடித்து ஆட்டுவது, குரலை உயர்த்துவது, எல்லாம் தெளிவு. சாட்சியைப் போய்ப் பார்க்கக் கூடாது என்பது அவனுடைய பிணை நிபந்தனை. ஊரில் எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டேன். “உடனை அனுப்புங்கோ அண்ணை, பிணை ரத்தாயிடும். வழக்கு முடியுமட்டும் உள்ளுக்குத்தான்” என்றார்.

றூபியிடம் சொன்னேன். கெஞ்சுவாள், அழிக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“அனுப்புறதெண்டா அனுப்புங்கோ, நான் மறிக்கேல்லை” என்றாள். “நீதவான் கேட்டா, வந்தவன் எண்டு சொல்லுவன். என்ன சொன்னவன் எண்டும் சொல்லுவன். பேந்து சாப்பிட்டவன் எண்டும் சொல்லுவன். அது உங்கடை வீடியோவிலை இல்லை.”

அவளை இங்கே கூப்பிட்டுவிட்டால் இந்தத் தலையிடி எல்லாம் தீரும் என்று நினைத்தேன். முன்பும் முயன்று பார்த்த காரியம்தான். குடிவரவு அலுவலகத்தில் மிகவும் மரியாதையான ஓர் இளம் பெண். உங்கள் குடும்பத்தில் யார் யார் என்று கேட்டாள். மனைவி, மகள், தங்கை என்றேன். தங்கை குடும்பத்தில் சேர்த்தி இல்லை என்று புன்னகையோடு திருத்தினாள். சரி, சும்மா பார்க்க வந்து போகலாமா என்றால், அவள் திரும்பிப் போவாள் என்பதற்கு என்ன உறுதி, கணவன் இல்லை, பிள்ளை இல்லை, ஊரில் அவளை இழுத்து வைத்திருப்பது என்ன என்று கேட்டாள். நான் என்னவென்று சொல்ல? முன்பள்ளிப் பிள்ளைகள், தண்ணி அள்ள வருகிறவர்கள், பரமேஸ்வரி அக்கா. இப்போது கூடுதலாக ஒரு கள்ளன். றூபியிடம் இதைச் சொன்னால், “நான் எங்கையும் வாறன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?” என்று கேட்கிறாள்.

அந்தக் கிழமை மகள் மெலனி விடுமுறையில் வந்திருந்தாள். ஒஸ்லோவில் படிக்கிறாள். தேவாலயம் அவளுக்குக் கிறிஸ்மஸ் மரத்தோடு சரி. நாங்கள் கூப்பிடுவதை விட்டுவிட்டோம், கூப்பிட்டால் வருவாள், ஆனால் விருந்தாளி மாதிரி இருப்பாள். அது வராமல் இருப்பதைவிட எனக்குக் கஷ்டம். பதிவை அவளுக்குக் காட்டினேன்.

“இவர்தான் அந்தத் திருடரா?”

“கள்ளனை ஆரும் அவர் எண்டு சொல்லுறதே? அவன் எண்டு சொல்லு.”

“நீங்கள்தானே எல்லாரையும் அவர் என்று சொல்லச் சொன்னீங்கள்.” சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழ், அவளுக்கு மரியாதை மட்டும்தான் தெரியும். ஏசுவதற்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. திரும்பவும் ஒருமுறை பதிவைப் பார்த்தாள். “அப்பா, இதை அனுப்பினால் றூபி மாமி பாதுகாப்பாக இருப்பாவா?”

“ஓம்.”

“அவர் வெளியே வந்த பிறகும்?”

தொலைபேசியை அவளிடமிருந்து திருப்பி வாங்கினேன். என் மனைவி குசினிக்குள் இருந்து, “நாளைக்கு அனுப்புங்கோ, இண்டைக்குச் சாப்பிட வாங்கோ” என்றாள். நாளைக்கும் அனுப்பவில்லை.

6

சில நாள் கழித்து மறுபடியும் மலையடிவாரத்துத் தரிப்பிடம். கமராவின் வயரை றூபி அன்றே திரும்பப் பூட்டியிருந்தாள். திரையைத் திறந்தேன். கேற்றில் கஜன்.

றூபி வீட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியும். கைக்கட்டு வெட்ட ஆசுப்பத்திரிக்குப் போயிருந்தாள், துணைக்குப் பரமேஸ்வரி அக்கா. வீடு வெறிச்சோடிக் கிடந்தது. இவனுக்கு அது தெரியுமோ, தெரிந்துதான் வந்தானோ என்று திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனேன். இரண்டாவது முறை நிபந்தனையை மீறி வந்திருக்கிறான். கமரா பதிந்துகொண்டிருக்கிறது. இதையும் சேர்த்து அனுப்பினால் வேறு கதையே இல்லை.

“அக்கா” என்று கூப்பிட்டான். பொறுத்து, திரும்பவும் கூப்பிட்டான். பிறகு கேற்றைத் திறந்து முற்றத்துக்குள் வந்தான். நிமிர்ந்து முகட்டைப் பார்த்தான். நேரே என் முகத்தைப் பார்ப்பதுபோல இருந்தது.

“அண்ணை, நிக்கிறியளோ?”

ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினேன். அவனுக்குச் சொல்லவென்று வாரக்கணக்காக நான் சேர்த்து வைத்திருந்த வசனங்களில் ஒன்றைத் தேடினேன்.

“நிக்கிறன்” என்றேன்.

“அக்கா இல்லையோ?”

“ஆசுப்பத்திரிக்குப் போட்டா. கட்டு வெட்ட.”

அவன் நிலத்தைப் பார்த்தான். “கை சரியா வருமோ அண்ணை?”

“தெரியாது. நீ ஏன் வந்தனி?”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாமல் என்னத்துக்கு வந்தனி? திரும்பவும் மாத்திச் சொல்லக் கேக்கவோ?”

“இல்லை.” அவ்வளவுதான் சொன்னான். போகவும் இல்லை. மத்தியான வெயில் அவன் தலையில் அடித்தது. தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றான். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. போடா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“சாப்பிட்டியோ?” என்று கேட்டேன்.

அன்பால் கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் மத்தியான நேரம் முற்றத்தில் ஒருவன் நின்றால் வாயில் அதுதான் வரும். ஆனால் கேட்டுவிட்டால் பிறகு அதிலிருந்து தப்ப முடியாது.

“இல்லை அண்ணை.”

றூபி சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் போயிருப்பாள். எனக்கு அது தெரியும். வேறு என்ன தெரியும் என்றால், குசினிக் கதவுப் பூட்டின் திறப்பு எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். தொண்டையைச் செருமினேன்.

“பின்பக்கம் போ. கிணத்தடியிலை ஒரு வாளி கவிட்டு வைச்சிருக்கும். அதுக்குக் கீழை குசினித் திறப்பு. பானையிலை சோறு இருக்கும். போட்டுச் சாப்பிடு.”

அவன் அசையவில்லை. “நானோ?” என்று கேட்டான்.

“வேறை ஆர் அங்கை நிக்கிறது?”

இன்னும் கொஞ்ச நேரம் முகட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தான். கமராவுக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியும். முற்றம் வெறுமையானது.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. என்ன வேலை செய்தேன்! சங்கிலி அறுத்தவனுக்கு வீட்டுத் திறப்பு இருக்கும் இடத்தைச் சொல்லியிருக்கிறேன். உள்ளே அம்மாவின் அலுமாரி, றூபியின் படுக்கை. அவள் திரும்பி வரும்போது அவன் உள்ளேயே இருந்தால்? கூட்டாளிகளைக் கூப்பிட்டால்? றூபியாவது முன்னால் நின்று திறந்தாள். நான் பனிக்குள் இருந்துகொண்டு அவளுடைய வீட்டைத் திறந்து கொடுத்திருக்கிறேன். கதவடியில் ஆட்கள் நின்றார்கள். பஸ்ஸை எடுத்தேன். அந்த ஓட்டத்தில் யாருக்குக் காலை வணக்கம் சொன்னேன், யாருக்குச் சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை.

நிலையத்தில் இறங்கி றூபிக்கு அடித்தால் எடுக்கவில்லை. ஆசுப்பத்திரியில் வரிசை நீளம் போல. திரையைத் திறந்து பார்த்தேன். முற்றம் வெறுமைதான், அவனைக் காணவில்லை. சாரதிமார் அறையில் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக அவள் அடித்தாள்.

“அண்ணை, குசினிக் கதவு திறந்து கிடக்கு.”

“ஏதும் காணாமல் போச்சோ?”

“கஜன் வந்தவனோ?”

“ஓம். நான்தான் திறப்பு இருக்கிற இடத்தைச் சொன்னனான்.”

அந்தப் பக்கம் அவள் நடக்கும் சத்தம், அலுமாரிக் கதவு, பானை மூடி. ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். றூபி எவ்வளவு நல்லவளோ அவ்வளவு விசரி இல்லை.

“எல்லாம் இருக்கு” என்றாள். “சோறும் இருக்கு, மூடினது மூடினபடி. கதிரை மட்டும் இழுத்துப் போட்டிருக்கு. கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போயிருக்கிறான்.”

“சாப்பிடேல்லையோ? போட்டுச் சாப்பிடு எண்டு சொன்னனானே!”

“என்னண்ணை கதைக்கிறியள்? போட்டுக் குடுக்க ஒராள் இல்லாமல், ஆர் அடுத்தவன் வீட்டுப் பானையிலை கை வைப்பான்?”

“உன்ரை கழுத்திலை கை வைச்சவன்தானே?”

“அது வேறை” என்றாள் றூபி.

அந்த இரண்டு பதிவுகளையும் நான் இன்னும் அனுப்பவில்லை, அழிக்கவும் இல்லை. அவன் மேல் எனக்கு அன்பு வந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். இப்போதும் அந்த முகத்தைக் கண்டால் வயிறு எரிகிறது. வழக்கு நாளில் றூபி, ஓம் இவன்தான் என்று சொல்லப்போகிறாள். அவள் சொல்லும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்கு முன் ஒரு மத்தியானம் அவன் வந்து நின்றால், அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாக இருந்தால், கோப்பை எடுத்துச் சோறு போட வீட்டில் ஒரு ஆள் வேண்டும். ஊருக்குப் போக லீவு கேட்டேன், கிடைத்துவிட்டது. அவனுக்குப் போட்டுக் கொடுக்க மனம் இன்னும் வரவில்லை. அது வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் சோறு ஆறிவிடும்.